சுளுக்குதானே என்று விட்ட மணிக்கட்டு!

'சுளுக்குதானே டாக்டர்? ரெண்டு நாள் எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாப் போயிடும், இல்லையா?'

வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி என் முன்னால் வந்து உட்காருகிற பெரும்பாலானவர்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கேள்வியும் அவர்களே, பதிலும் அவர்களே! நான் சித்த வைத்தியன் என்பதால், 'ஆமாம்மா, கொண்டாங்க கையை' என்று சொல்லி ஒரு கிண்ணம் எண்ணெயை எடுத்து வைப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். பல சமயம் அது வெறும் சுளுக்காகத்தான் இருக்கும். நானும் எண்ணெய் கொடுத்து அனுப்புவேன். ஆனால், மணிக்கட்டு விஷயத்தில் மட்டும் நான் அவ்வளவு சுலபமாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

திருவண்ணாமலையில் கையூன்றி விழுவதற்குச் சந்தர்ப்பங்கள் ஏராளம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனங்கள் நெருக்கியடித்து நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்குச் சில சமயம் மழையும் சேர்ந்து கொள்கிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் வழுக்கினால் தானாகவே கை முன்னால் நீளும். உள்ளங்கை தரையில் அறையும். உடம்பின் மொத்த பாரமும் மணிக்கட்டில் இறங்கும். இது தவிர பைக்கில் விழுகிற காலேஜ் பையன்கள், கழுவி விட்ட வாசலில் சறுக்கும் வீட்டுப் பெண்கள், பாத்ரூமில் விழுகிற பெரியவர்கள். எல்லோருக்கும் அடி படுகிற இடம் ஒன்றுதான்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பார்ப்பதற்கு ஒரே மூட்டு போலத் தெரிகிற மணிக்கட்டுக்குள் கூழாங்கல் மாதிரி 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. முன்கையின் இரண்டு நீள எலும்புகளும் அங்கே வந்து சேர்கின்றன. இத்தனையையும் நகராமல், அதே சமயம் நாலா பக்கமும் திரும்புகிற மாதிரி கட்டி வைத்திருப்பவை ஜவ்வுகள். டாக்டர்கள் 'லிகமென்ட்' என்பார்கள். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, உடற்கூறு வகுப்பில் இந்த ஜவ்வுகளின் பெயர்களை ஒப்பிக்கத் தெரியாமல் நாங்கள் திணறியிருக்கிறோம். அவ்வளவு எண்ணிக்கை!

வாசகர்கள் அத்தனையையும் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. அடிக்கடி தொல்லை தருகிற இரண்டைப் பற்றித் தெரிந்தால் போதும். ஒன்று, மணிக்கட்டின் நடுவில், படகு போன்ற எலும்பையும் பிறை போன்ற எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வு. இன்னொன்று சுண்டுவிரல் பக்கத்தில் முக்கோணமாக ஒரு மெத்தை போல அமைந்திருக்கும் குருத்தும் ஜவ்வும் சேர்ந்த அமைப்பு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டி.எஃப்.சி.சி.' என்று எழுதியிருப்பார்கள்.

முதலாவது கிழிந்தால், கையின் புறப்பக்கம் நடுவில் வலிக்கும். தரையில் கையூன்றி எழுந்திருக்க முடியாது. பிடிமானம் குறையும், சில சமயம் 'டொக்' என்று சத்தம் வரும். இரண்டாவது கிழிந்தால் சுண்டுவிரல் பக்கம் வலிக்கும். பூட்டில் சாவியைத் திருப்பும்போது, துணி பிழியும்போது, முறுக்கு உழக்கைத் திருகும்போது சுருக்கென்று குத்தும். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்து பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் மட்டும் வலி பளிச்சென்று தெரிந்தால் சந்தேகம் பலமாகிறது. இன்னொரு முக்கியமான இடம், கட்டை விரலின் அடியில், விரலை நிமிர்த்தினால் தெரிகிற சின்னக் குழி. அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் படகு எலும்பே உடைந்திருக்கலாம். இந்த உடைசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்வது அதனால்தான். அது காசு பிடுங்குகிற வேலை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி ஜவ்வுக் கிழிசலுக்கு இன்று நுண்துளை அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ஆர்த்ராஸ்கோப்பி என்று பெயர். 'சின்னத் துளை, தழும்பு இல்லை, மறுநாளே வீடு' என்று நோட்டீஸ்களில் பார்த்திருப்பீர்கள். அதைப் படித்துவிட்டு என்னிடம் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. 'இதெல்லாம் வேண்டாத வேலைதானே வைத்தியரே?' என்று ஒரு சாரார். 'துளை போட்டாப் பழையபடி ஆயிடுமாமே?' என்று இன்னொரு சாரார். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். பலன் துளையின் அளவில் இல்லை. விழுந்த தேதிக்கும் கையைக் காட்டிய தேதிக்கும் இடையில் எத்தனை நாள் ஓடியது என்பதிலும், ஆபரேஷனுக்குப் பிறகு கையை எப்படி வைத்துக் கொள்கிறீர்கள் என்பதிலும்தான் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஜப்பானில் டோக்கியோவைச் சேர்ந்த கெஞ்சி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கிற குழாயை வைத்து, இறந்தவர் ஒருவரின் முழங்கால் மூட்டுக்குள் எட்டிப் பார்த்தது 1918-ல். அவருடைய மாணவர் வாடனாபே அந்தக் குழாயை மெலிதாக்கினார். மணிக்கட்டுக்குள் பார்த்த அனுபவத்தை சென் என்ற மருத்துவர் 1979-ல் எழுதினார். 1980களின் நடுவில் அமெரிக்க மருத்துவர்கள் அதை முறையாக்கினார்கள். இன்றைக்குக் கையை மட்டும் மரத்துப் போகச் செய்து, விரல்களை வலை போன்ற உறையில் மாட்டி மேலே தொங்க விடுகிறார்கள். மூட்டுக்குள் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. சில மில்லிமீட்டர் துளைகள் இரண்டு மூன்று. ஒன்றில் கேமரா, இன்னொன்றில் கருவி. டி.வி.யில் பார்த்தபடி வேலை செய்கிறார்கள்.

இதில் மறுக்க முடியாத லாபம் ஒன்று இருக்கிறது: கண்ணால் நேரே பார்ப்பது. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எம்.ஆர்.ஐ.யும் சில கிழிசல்களைத் தவற விடுகிறது. கேமரா உள்ளே போனால்தான் எது கிழிந்தது, எவ்வளவு கிழிந்தது, இனி தைக்க முடியுமா என்பது தீர்மானமாகத் தெரிகிறது. 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மணிக்கட்டு எலும்பு உடைந்த 60 பேரின் மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு எலும்போடு ஜவ்விலோ குருத்திலோ சேதம் இருந்தது. எலும்பு கூடின பிறகும் 'கை இன்னும் சரியில்லையே' என்று சிலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களை 'மனசுதான் காரணம்' என்று சொல்லி அனுப்பிவிடுவது பாவம்.

பலன் எப்படி? இதைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும்.

சுண்டுவிரல் பக்கத்து மெத்தையின் ஓரப் பகுதிக்கு ரத்த ஓட்டம் உண்டு, நடுப்பகுதிக்குக் கிடையாது. வாய்க்கால் ஓரத்துப் பயிர் பிழைத்துக் கொள்ளும், மேட்டுப் பயிர் காயும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓரம் கிழிந்தால் தைக்கிறார்கள். தையல் பிடித்துக் கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்து, பிடிமானம் திரும்புகிறது. நடுவில் கிழிந்தால் தைத்தும் பயனில்லை. பிசிறுகளைச் சீவிச் சுத்தம் செய்து விடுகிறார்கள். அதிலும் பலருக்கு நிம்மதி கிடைக்கிறது. ஆனால், முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பு இயற்கையிலேயே கொஞ்சம் நீளமாக இருந்தால், சுத்தம் செய்தாலும் அந்த எலும்பு போய் இடித்துக் கொண்டே இருக்கும். அந்த எலும்பைக் குறைக்கிற வேலையும் தேவைப்படலாம். 'துளை போட்டும் வலி போகலையே' என்கிறவர்களில் சிலர் இந்த ரகம்.

படகு எலும்பு - பிறை எலும்பு ஜவ்வு கதை வேறு. அங்கே தேதி ரொம்ப முக்கியம். அடிபட்ட சில வாரங்களுக்குள், சுமார் ஆறு வாரத்துக்குள் என்று வைத்துக் கொள்ளுங்கள், முழுக் கிழிசலைக் கண்டுபிடித்துவிட்டால் கிழிந்த ஜவ்வையே இழுத்துப் பொருத்த வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் போனால் ஜவ்வின் முனைகள் சுருங்கிவிடும். எலும்புகள் இரண்டும் விலகித் திரும்பிவிடும். முஷ்டியை இறுக்கி மூடி எடுத்த எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி தெரியும். முன்பல் இடைவெளிக்குப் பேர் போன டெர்ரி தாமஸ் என்ற ஆங்கில நடிகரின் பெயரையே டாக்டர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள்! அந்தக் கட்டத்தில் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் புதிதாகக் கட்டுப் போட வேண்டியிருக்கிறது. ஹாங்காங், பாரிஸ் போன்ற இடங்களில் கைதேர்ந்தவர்கள் அதையும் துளை வழியாகவே செய்து நல்ல பலன் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் கை மடங்குவது கொஞ்சம் குறையும். பிடிமானம் மறு கையின் முக்கால் பங்கைத் தாண்டினாலே திருப்திப்பட வேண்டியதுதான். அதையும் விட்டு வருஷக்கணக்கில் போனால் பலருக்கு மூட்டே தேய்ந்துபோகிறது. அதன்பின் ஜவ்வைத் தைப்பதில் அர்த்தமில்லை. சில எலும்புகளை எடுப்பது அல்லது ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது என்று சிகிச்சையே மாறிவிடும்.

நம் ஜனங்கள் எந்தக் கட்டத்தில் போகிறார்கள்? முதல் வாரம் பக்கத்து வீட்டு ஆயாவின் நீவல். அப்புறம் 'சுளுக்கு எடுக்கிறவர்'. ஒரு டைலர் என்னிடம் வந்தார். ஏழு மாதம் ஓடியிருந்தது. அதற்குள் மூன்று இடங்களில் கையை இழுத்துச் சொடுக்கி விட்டிருக்கிறார்கள். 'ஒவ்வொரு தடவையும் சத்தம் கேட்டுச்சுங்க, எடுத்துட்டோம்னு சொன்னாங்க' என்றார் பாவம். கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. கிழிந்த ஜவ்வை இழுத்தால் கிழிசல் பெரிதாகுமே ஒழிய, ஒட்டிக் கொள்ளாது. அந்தச் சத்தம் சுளுக்கு வெளியேறுகிற சத்தம் இல்லை. விலகின எலும்புகள் இடம் மாறுகிற சத்தமாகவும் இருக்கலாம்.

கட்டு விஷயத்திலும் இதைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலிருந்து ஆந்திராவில் உள்ள புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக் கொள்பவர்கள் நிறைய. கட்டு என்பது நல்ல சிகிச்சை. அசையாமல் வைத்தால் உடம்பு தானே கூட்டிக் கொள்ளும் என்பதுதான் அதன் தத்துவம். பாதி கிழிந்த ஜவ்வுக்கு இன்றும் ஆங்கில டாக்டர்கள் முதலில் செய்வது அதைத்தான்: மூன்று முதல் ஆறு வாரம் சிம்பு வைத்து அசையாமல் வைப்பது. ஆனால், முழுசாக அறுந்து முனைகள் விலகிவிட்டால் எந்தக் கட்டும் அவற்றைத் தேடிப் பிடித்துச் சேர்க்காது. எது பாதி, எது முழுசு என்று படமெடுக்காமல் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று யார் சொன்னாலும், அவர் என்னைப் போன்ற பட்டம் பெற்ற சித்த வைத்தியராகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

'இடைக்காடர் சித்தர் அடங்கின ஊர்ல இருந்துக்கிட்டு நீங்களே கத்தியைக் காட்டுறீங்களே ஐயா?' என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக் கொண்டார். நான் அவரிடம் சொன்னேன்: சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அந்தப் பட்டியலில் கட்டு இருக்கிறது, பற்று இருக்கிறது, ஒற்றடம் இருக்கிறது, தொக்கணம் இருக்கிறது. அறுவையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது! கத்தி நமக்கு அந்நியம் என்பது பின்னால் வந்த கற்பனை. பெரியவர் சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, துளை வழியாகச் செய்வது கீறித் திறந்து செய்வதை விட உயர்ந்ததா? தழும்பு சின்னது, ஆரம்ப நாட்களில் வலி குறைவு, மூட்டு உறையும் அதிகம் சேதப்படாது. இவை உண்மை. ஆனால், டி.எஃப்.சி.சி. தையலில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள், கடைசிப் பலனில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆகவே, 'துளை முறை இல்லை' என்பதற்காக ஒரு நல்ல கை நிபுணரை விட்டு ஓட வேண்டியதில்லை. ஆபத்தே இல்லாததும் இல்லை. 2016-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பில், 10,107 மணிக்கட்டு ஆர்த்ராஸ்கோப்பிகளைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்குச் சுமார் ஆறு பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருந்தது. இந்த முறையில் பொதுவாகப் பார்க்கிற சிக்கல்கள் தோல் நரம்பில் மரமரப்பு, மூட்டு இறுக்கம், உள்ளே குருத்தில் கீறல் போன்றவை. அனுபவம் குறைந்த கைகளில் சிக்கல் கூடுதல் என்பதும் அந்தக் கணக்கில் தெரிந்தது. எனவே டாக்டரிடம், 'துளையா, கீறலா?' என்று கேட்பதை விட, 'இந்த மணிக்கட்டு ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?' என்று கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார். முழங்கால் ஆர்த்ராஸ்கோப்பி செய்கிறவர்கள் எல்லோரும் மணிக்கட்டு செய்வதில்லை.

கை அறுவை சிகிச்சைக்கு நாம் வெளிநாட்டைப் பார்த்து ஏங்க வேண்டியதும் இல்லை. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கிற வேலூருக்கு 1946-ல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப் போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைத்து உலகத்துக்கே வழி காட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1970களிலேயே கைக்கென்று தனித்துறை வந்துவிட்டது. கோவையிலும் கை அறுவைக்குப் பேர் பெற்ற மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் ஆட்கள் தாமதமாகப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவை எல்லோருக்கும் தெரியும். 2008-ல் வலது மணிக்கட்டில் ஆபரேஷன் செய்து கொண்டார். உள்ளே என்ன கோளாறு என்கிற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அதே ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே மணிக்கட்டு வலி தாங்காமல் பாதி ஆட்டத்தில் விலகினார். அடுத்த வருஷம் மகேஷ் பூபதியோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். ஆனாலும் 2013-ல் ஒற்றையர் ஆட்டத்தை விட்டார். 2015-ல் இரட்டையரில் உலகின் முதலிடம்! டாக்டர், பிசியோதெரபிஸ்ட் என்று சுற்றிலும் ஆள் வைத்திருக்கிறவருக்கே கை இப்படி ஏறி இறங்கித்தான் திரும்பியது. மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மை. மறுநாளே கை வரும் என்று அர்த்தம் இல்லை.

எல்லாக் கிழிசலுக்கும் ஆபரேஷன் வேண்டும் என்று யாரும் பயப்படாதீர்கள். வயதானால் அந்த முக்கோண மெத்தை தானே தேய்ந்து ஓட்டை விழும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலியே இல்லாத கையிலும் அது தெரியலாம். ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று ஒரு வார்த்தையைப் பார்த்ததும் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட வேண்டாம். ஆபரேஷன் வலிக்கும் பலவீனத்துக்கும்தான், காகிதத்துக்கு இல்லை.

நான் என் நோயாளிகளுக்குச் சொல்கிற கணக்கு இதுதான். விழுந்த முதல் இரண்டு மூன்று நாள் நீவல் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு, கையைத் தூக்கி வைத்தல். மூசாம்பரப் பற்றுப் போடுகிறவர்கள் போட்டுக் கொள்ளட்டும். அதன் பெயரில் இழுக்காமல் இருந்தால் சரி. கை கோணலாகத் தெரிந்தாலோ, விரல்கள் மரத்தாலோ, அந்தக் கட்டை விரல் குழியில் வலித்தாலோ அன்றைக்கே எக்ஸ்ரே. இல்லாவிட்டாலும் மூன்று வாரத்தில் பிடிமானம் திரும்பவில்லை என்றால் என்னிடம் வர வேண்டாம், கை நிபுணரிடம் போங்கள். எண்ணெய்க்கு அவசரமில்லை. ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறி, சிம்பு கழற்றின பிறகு, டாக்டர் அனுமதித்ததும் வாருங்கள். உளுந்துத் தைலத்தை வெதுவெதுப்பாக்கி மெல்லத் தடவி, ஒற்றடம் கொடுத்துப் பயிற்சி செய்தால் இறுக்கம் தளர உதவுகிறது. சித்த மருத்துவத்துக்கு அங்கே நிச்சயம் இடம் உண்டு. தடவல்தான், இழுவை அப்போதும் கிடையாது.

கடைசியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தையல் போட்ட மணிக்கட்டு நாலு முதல் ஆறு வாரம் சிம்பில் இருக்கும். பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் அந்த அம்மாவிடம் விவரமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் தலையாட்டிவிட்டு வருகிறார். வந்த பத்தாம் நாளே, 'ஒரு கையாலதான் பண்றேன் டாக்டர்' என்று சப்பாத்தி மாவு பிசைகிறார், குக்கரை இறக்குகிறார், துணி பிழிகிறார். வேறு ஆள் இல்லை என்கிறார். வீட்டில் புருஷன், வளர்ந்த பிள்ளைகள் என்று மூன்று பேர் இருக்கிறார்கள்! அதனால், சிம்பு போட்டுக் கொண்டு வருகிற பெண்களிடம் நான் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. 'வீட்டுக்காரரை உள்ளே வரச் சொல்லும்மா' என்று சொல்லி, துணி பிழிவது யார், மாவு பிசைவது யார் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக் கொண்டுதான் அனுப்புகிறேன்.